மாமியின் நீர் மாத்திரை உங்களுக்கு வேண்டாம்

சகோதரிகளே! மாதவிலக்கு வர ஒரு வாரம் இருக்கும்போதே வயிறு உப்பி, மார்பு கனத்து, விரலில் மோதிரம் இறுகுகிறதா? கால் வீக்கத்துக்காக மாமிக்கு கிளினிக்கில் கொடுத்த 'நீர் மாத்திரை' அலுமாரியில் இருந்தால், அதில் ஒன்றைப் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். வேண்டாம்.

ஃபுரோசமைட் என்னும் அந்த மாத்திரை சில மணி நேரத்துக்குள் நீரை வெளியேற்றிவிடும். கூடவே பொட்டாசியமும் போகும். கெண்டைக்கால் பிடிக்கும், தலை சுற்றும். தினமும் எடுத்துப் பழகித் திடீரென நிறுத்தினால் உடல் மீண்டும் நீரைப் பிடித்துக்கொண்டு வீங்கும். கை திரும்பவும் மாத்திரைக்கே போகும்!

ஹட்டன், டிக்கோயாப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்களைப் பாருங்கள். மலையில் மலசலகூடம் அருகில் இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த நிலையில் நீர் மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம்தான். நுவரெலியாக் குளிரில் தாகம் தெரியாமல் இருப்பவர்களுக்கும், ரமழானில் நோன்பிருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

உப்பும் வயிறெல்லாம் நீர் கோத்த வயிறும் அல்ல. தராசில் நின்றால் பலருக்கு எடை ஏறியிராது. அந்நாட்களில் குடல் மந்தமாகி வாயு தங்குவதும் மலம் இறுகுவதும் காரணமாகலாம். நீர் மாத்திரை மலச்சிக்கலை இன்னும் கூட்டும்.

அப்படியானால் மருந்தே இல்லையா? உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் என்ற வேறு வகை நீர் மாத்திரையை, மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்கு உப்பல் குறைந்தது. ஆனால் இது பொட்டாசியத்தைக் கூட்டும். லொசார்டன், எனலாப்ரில் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது. இரத்தம் சோதித்து டொக்டர்தான் தர வேண்டும்.

அதற்கு முன் அடுப்படியைக் கவனியுங்கள். கருவாடு, ஊறுகாய், நூடுல்ஸ் பக்கெட்டில் வரும் தூள் ஆகியவற்றை அந்த வாரம் குறையுங்கள். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 1,200 மில்லிகிராம் கல்சியம் எடுத்த பெண்களுக்கு இத்தொல்லைகள் குறைந்தன. பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறு மீன் நல்லவை.

சுவரில் தொங்கும் கலண்டரில் உப்பும் நாட்களையும் எடையையும் இரண்டு மூன்று மாதம் குறித்து வாருங்கள். மாதவிலக்கு வந்த பின்னும் உப்பல் வற்றாவிட்டால், காலையில் முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், அல்லது ஐம்பதைத் தாண்டியவருக்கு வயிறு புதிதாக உப்பத் தொடங்கினால், தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கலண்டரையும், நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள்.