பட்டறையில் போன வாயு, துருவத்தில் விழுந்த ஓட்டை

காலை நிகழ்ச்சியில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில மாதங்களுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அழைத்தாள். "அக்கா, ஓசோன் ஓட்டை அடைஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?"

நான் யோசிக்கவே இல்லை. "இன்னும் இருக்கும்மா. அதனாலதானே வெயில் இப்படிக் கொளுத்துது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

பாடல் முடிவதற்குள் வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர். "முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி தப்பு. ஓசோன் ஓட்டை வேற, உலகம் சூடாகிறது வேற. பிள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்காங்கம்மா." திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

மறுவாரமே திருத்திச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து படிக்க உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றேன். அண்டார்டிகாவில், வெட்டல் கடலோரம் உள்ள ஹேலி ஆய்வு நிலையம்.

1956-இல் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்தது அது. வால்நட்சத்திரத்தின் வருகையைக் கணித்த எட்மண்ட் ஹேலி பிறந்து சரியாக 300 ஆண்டுகள் ஆன வருடம் என்பதால் அவருடைய பெயரையே வைத்தார்கள். நிலையம் நிற்பது தரையில் அல்ல. பிரண்ட் பனித்தட்டு என்று அழைக்கப்படும், கடல்மேல் மிதக்கும் மாபெரும் பனிப்பாளத்தின்மேல் நிற்கிறது. அந்தப் பாளமோ ஆண்டுக்குப் பல நூறு மீட்டர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. விழும் பனி உருகாமல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குச் சேர்கிறது. முதலில் கட்டிய நான்கு நிலையங்களையும் பனி மூடி நசுக்கிவிட்டது. இப்போது இருப்பது ஆறாவது. எட்டுப் பெட்டிகளைக் கோத்த ரயில்போல இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் உயர்த்தி இறக்கக்கூடிய கால்கள், கால்களுக்கு அடியில் பனிச்சறுக்குப் பலகை. வேண்டும்போது இழுத்துக்கொண்டு போகலாம்.

அங்கே தொடக்கத்திலிருந்தே ஒரு சலிப்பான வேலை நடந்து வந்தது. டாப்சன் கருவி என்று ஒன்று. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த கார்டன் டாப்சன் 1920-களில் உருவாக்கியது. சூரிய ஒளியில் உள்ள இரண்டு புற ஊதாக் கதிர்களை அது ஒப்பிடும். ஒன்றை ஓசோன் அதிகமாக விழுங்கும், இன்னொன்றைக் குறைவாக விழுங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத் தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடலாம். அளவுக்கு 'டாப்சன் அலகு' என்றே பெயர். 300 அலகு என்றால், மேலே உள்ள ஓசோன் முழுவதையும் கீழே இறக்கிக் கடல் மட்டக் காற்றழுத்தத்தில், பூஜ்யம் பாகையில் பரப்பினால் 3 மில்லிமீட்டர் தடிமன். நம் தோலையும் கண்ணையும் காப்பாற்றும் கவசத்தின் மொத்தக் கனம் அவ்வளவுதான்.

குளிரில் நின்று தினமும் அளந்து தாளில் எழுதுவார்கள். தாள்கள் கேம்பிரிட்ஜுக்குப் போகும், அங்கே குவிந்து கிடக்கும். 1977-இல் வேலைக்குச் சேர்ந்த ஜோனத்தன் ஷாங்க்ளின் என்ற இளைஞரிடம் அந்தக் குவியலைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு வந்தது. 1980-களின் தொடக்கத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்றுக்காக அவர் ஒரு வரைபடம் தயாரித்தார். 'பழைய அளவும் புதிய அளவும் ஒன்றுதான், பயப்பட ஒன்றுமில்லை' என்று காட்டுவதுதான் நோக்கம். வரைபடம் வேறு கதை சொன்னது. துருவத்தின் வசந்த காலத்தில், அதாவது அக்டோபர் மாதத்தில், ஓசோன் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டு வந்தது.

பழைய கருவி பொய் சொல்கிறதோ என்று சந்தேகம். வேறு கருவியை அனுப்பி அளந்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. மூத்த விஞ்ஞானி ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் எழுதிய கட்டுரை 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. சுமார் 300 அலகாக இருந்த அக்டோபர் மாத ஓசோன் 200-க்கும் கீழே போயிருந்தது.

இங்கே ஒரு குறிப்பு. 'நாசாவின் கணினி அந்தத் தரவைக் குப்பையில் போட்டுவிட்டது' என்று நானே ஒருமுறை நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. 180 அலகுக்குக் கீழே போன அளவுகளைச் 'சந்தேகத்துக்குரியவை' என்று கணினி குறித்து வைத்தது. தரவு பத்திரமாகவே இருந்தது. அவர்கள் அதை அலசிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் கட்டுரை முந்திக்கொண்டது. சுவையான கதை ஒலிபரப்பில் சுலபமாகப் போகிறது, திருத்தம்தான் போக மாட்டேன் என்கிறது.

சரி, ஓட்டை ஏன் அங்கே விழுந்தது? ஆளே இல்லாத இடம் ஆயிற்றே!

குற்றவாளி சி.எஃப்.சி. வாயுக்கள். குளிர்பதனப் பெட்டி, ஏர்கோன், தெளிப்பான் டின் எல்லாவற்றிலும் இருந்தவை. விஷம் இல்லை, தீப்பிடிக்காது, எதனோடும் வினைபுரியாது. அந்த நல்ல குணம்தான் வினையாகிப் போனது. கீழே எதுவும் அழிக்காததால் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தன. கீழ்க்காற்று அடுக்கு மண்டலத்துக்குள் நுழையும் முக்கிய வாசல் எது தெரியுமா? வெப்பமண்டலம். நம் தலைக்கு மேலே உள்ள இந்தப் பட்டைதான். இங்கே ஏறி, மெல்ல மெல்லத் துருவங்களை நோக்கி நகர்கிறது. மேலே புற ஊதாக் கதிர் பட்டு உடையும்போது அவற்றிலுள்ள குளோரின் வெளிவருகிறது. ஆனால் பெரும்பகுதி உடனே வேறு சேர்மங்களுக்குள் அடைபட்டுச் சும்மா கிடக்கிறது. அதை அவிழ்த்துவிடுவது துருவத்தின் குளிர். பல மாத இருட்டில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 78 பாகையையும் தாண்டி இறங்கும்போது, அவ்வளவு உயரத்தில் மெல்லிய மேகங்கள் உருவாகின்றன. அந்த மேகத் துகள்களின்மேல் குளோரின் விடுபட்டுக் காத்திருக்கிறது. வசந்தத்தில் வெயில் வந்ததும் வேட்டை தொடங்குகிறது. ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும், அழித்த பிறகும் தான் அழியாமல் நிற்கும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. 'உஸ்ஸ்ஸ்'.

அப்பா கிள்ளானில் காடிகளுக்கு ஏர்கோன் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டு வந்தால் அங்கேதான் இருப்பேன். குழாயை மாற்றுவதற்கு முன்பு உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை வெளியே திறந்துவிடுவார்கள். 'உஸ்ஸ்' என்று போகும். கையை நீட்டினால் ஐஸ் போலச் சில்லென்று இருக்கும். எனக்கு அது விளையாட்டு. அது ஆர்-12 என்ற சி.எஃப்.சி.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் விட்டதெல்லாம் இன்னும் மேலதான் இருக்கா?"

"ஏறக்குறைய முக்கால்வாசி இருக்கும்ப்பா." ஆர்-12 காற்றில் கரைந்து மறைய நூறு ஆண்டு அளவில் ஆகும்.

"ஒரு காடிக்கு ஒரு கிலோ போடுவோம். ஒரு நாளைக்கு மூணு காடி..." விரலை மடக்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். "அப்ப யாரும் சொல்லலையேம்மா."

உண்மைதான், பட்டறைக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் இருந்தார்கள், 1974-இலேயே மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் எச்சரித்தார்கள். தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். அவ்விருவருக்கும் பால் க்ருட்சனோடு சேர்த்து 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் ஹேலியின் அளவுகள் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16-ஆம் நாள், மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989-இல் சேர்ந்தன. பிறகு உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. வளரும் நாடுகளிலும் 2010-க்குள் சி.எஃப்.சி. உற்பத்தி நிறுத்தப்பட்டது. அப்பாவின் பட்டறைக்கு ஆர்-134ஏ வந்தது. அது ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் இன்னொரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அதுவுமா?" என்றார்.

ஆசிரியர் சொன்ன வேறுபாட்டுக்கு வருகிறேன். ஓட்டை வழியாக வெயில் புகுந்து பூமி சூடாகவில்லை. கரியமில வாயு முதலியவை போர்வைபோல வெப்பத்தைத் தடுத்து வைப்பதால் சூடாகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் சில உண்டு. சி.எஃப்.சி.யும் வெப்பத்தைப் பிடிக்கும் வாயுதான். ஓசோன் இழப்பு அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேல்காற்றின் வேகத்தையும் கூட்டியிருக்கிறது. ஆனால் ஒன்றை மூடினால் மற்றது மூடாது.

அதற்கும் ஹேலி பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஹேலி விரிகுடாவில் பேரரசுப் பென்குயின்களின் பெருங்கூட்டம் ஒன்று இருந்தது, உலகிலேயே இரண்டாவது பெரியது. அவை குஞ்சு பொரிப்பது கரையோடு ஒட்டிய கடற்பனியின்மேல். நடுக்குளிர்காலத்தில் தகப்பன் பறவை இரண்டு மாதம் பட்டினி கிடந்து முட்டையைப் பாதத்தின்மேல் வைத்து அடைகாக்கும். குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைக்க டிசம்பர் ஆகும். அதுவரை பனி உடையக்கூடாது. 2016-இல் புயல் வந்து பனி முன்கூட்டியே உடைந்தது. 2017, 2018-லும் பனி சரியாக நிலைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. விஞ்ஞானிகள் இதைக் கண்டது விண்கோள் படங்களில். வெள்ளைப் பனியில் பென்குயின் எச்சம் பழுப்புக் கறையாகத் தெரியும். அந்தக் கறை காணாமல் போயிருந்தது. பெரிய பறவைகளில் பல தெற்கே டாசன் லாம்ப்டன் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தன. 2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் ஐந்து கூட்டங்களில் நான்கு தம் குஞ்சுகள் அனைத்தையும் இழந்தன.

நிலையத்துக்கும் சோதனைதான். பனித்தட்டில் பெரும் பிளவு வளர்ந்ததால் கோடைக்காலத்தில் 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப் போனார்கள். 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே யாரும் தங்குவதில்லை. கருவிகள் தாமாகவே அளக்கின்றன. 2023 ஜனவரியில் 1,550 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து மிதந்து போனது. சிங்கப்பூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். (இது இயற்கையாக நடப்பது, பருவநிலை மாற்றத்தால் அல்ல என்கிறார்கள் விஞ்ஞானிகள். இதையும் கலந்து சொல்லி இன்னொரு குரல் பதிவு வாங்க நான் தயாராக இல்லை.)

ஹேலியில் இன்னொன்றும் நடக்கிறது. வானொலிக்காரியான எனக்கு அதை விட மனமில்லை. உலகின் எங்கோ மின்னல் வெட்டினால் அதன் வானொலி அலை, பூமியின் காந்தக் கோடு வழியே விண்வெளிவரை போய் மறு அரைக்கோளத்தில் இறங்குமாம். ஒலிபெருக்கியில் கேட்டால் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும் விசில். இன்னும் சில அலைகள் விடியற்காலைப் பறவைக் கூட்டம் போலக் கீச்சிடும். பென்குயின் போன இடத்தில் பறவைச் சத்தம் மட்டும் வானத்திலிருந்து. திருத்தம் சொன்ன அன்று அதைப் பின்னணியில் சில நொடிகள் போட்டேன்.

அந்த மாணவியையும் இணைப்பில் எடுத்தோம். ஓட்டை இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பரில் திறந்து ஆண்டிறுதிக்குள் மூடுகிறது. அண்டார்டிகாவின் மேலே 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு சொல்கிறது என்றேன். அவள் மனக்கணக்குப் போட்டாள். "அக்கா, எனக்கு அப்ப அம்பது தாண்டிடும்!"

வீட்டுக்கு வந்தபோது அப்பா நிகழ்ச்சியைக் கேட்டிருந்தார். தப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பட்டறையின் பின்னறையில் ஓர் ஆர்-12 உருளை இருபது வருடமாகக் கிடக்கிறதாம். தூக்கிப் பார்த்தாராம், பாதி இருக்கும்போலத் தெரிகிறதாம். பழைய இரும்புக்காரனிடம் போட்டால் ஆணியடித்துத் திறந்துவிடுவான். முறையாக அழிக்கக்கூடிய இடம் எது என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் உருளையின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி, தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்திருக்கிறார்: 'திறக்காதே.'