திரையில் போர் - 14: செஞ்சதுக்கத்தில் குதிரை வண்டியும் டி-34ம்

போன வாரம் 'சப்பாயெவ்' பார்த்தோம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் பின்னால் இருக்கும் அன்கா, எதிரி நெருங்கி வரும்வரை சுடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். அது 1934-இல் வந்த கதைப்படம். ரஷ்ய உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. இந்த வாரப் படத்தில் கதையும் இல்லை, நடிகர்களும் இல்லை. ஆனால் மாக்சிம் உண்டு.

படத்தின் பெயர் 'மாஸ்கோ அருகே ஜெர்மானியப் படைகளின் தோல்வி'. இயக்கியவர்கள் லியோனிட் வர்லாமோவ், இல்யா கொப்பாலின். போர்முனை ஒளிப்பதிவாளர்கள் எடுத்த சுருள்களை இவர்கள் இருவரும் தொகுத்தார்கள். 1941 டிசம்பர் தொடக்கத்தில் மாஸ்கோ அருகே சோவியத் படை எதிர்த்தாக்குதலில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் படம் திரைக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில் 'மாஸ்கோ ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்று பெயர் மாற்றி, எட்வர்ட் ஜி. ராபின்சனைப் பின்னணி பேசவைத்தார்கள். கேங்ஸ்டர் வேஷங்களில் துப்பாக்கி தூக்கியே பெயர் வாங்கியவர் அவர்! 1943-இல் ஆஸ்கரும் கிடைத்தது. சோவியத் நாட்டுக்கு அதுதான் முதல் ஆஸ்கர்.

இந்தப் படத்தில் எல்லாரும் பேசுவது 1941 நவம்பர் 7, புரட்சி ஆண்டுவிழா அணிவகுப்பைப் பற்றி. ஜெர்மானியர்கள் நூறு கிலோமீட்டருக்குள் வந்து நிற்கிறார்கள். செஞ்சதுக்கத்தில் பனி கொட்டுகிறது. ஏறக்குறைய 28,000 பேர் நடக்கிறார்கள். மார்ஷல் புத்யோன்னி குதிரையில் வந்து மரியாதை ஏற்கிறார். இந்த அணிவகுப்பில் என்னென்ன ஆயுதங்கள் போயின என்று பாருங்கள். ஒரு பக்கம் டி-34 டாங்கிகள், அன்றைக்கு உலகத்திலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்று. இன்னொரு பக்கம் 'தச்சான்கா', அதாவது மாக்சிமைப் பின்பக்கமாகப் பொருத்திய குதிரை வண்டி. சப்பாயெவ் காலத்துச் சமாச்சாரம்! ஒரே காலையில், ஒரே சதுக்கத்தில் இரண்டும் போகின்றன. இருந்ததையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பதுதான் விஷயம். பின்னணிக் குரல் எத்தனை வெற்றி முழக்கம் போட்டாலும், அந்த வண்டிச் சக்கரங்கள் வேறொன்றைச் சொல்லிவிடுகின்றன.

காலாட்படையின் கையில் இருப்பது மோசின் துப்பாக்கி. ஜார் மன்னர் காலத்தில், 1891-இல் வடிவமைத்தது. 1930-இல் கொஞ்சம் திருத்தினார்கள். ஐந்து குண்டுகள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டும். பயனெட் மாட்டினால் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். அந்த பயனெட்டுக்கு வெட்டும் விளிம்பு கிடையாது, நான்கு பட்டை கொண்ட குத்தூசி. அதை மாட்டிய நிலையிலேயே குறி சரிபார்த்து அனுப்புவார்கள் என்பதால் சிப்பாய்கள் கழற்றுவதும் குறைவு. அணிவகுப்பில் ஈட்டிக்காடு மாதிரி தெரிவது அதனால்தான்.

மாக்சிமுக்குப் பனியில் வேறு அவஸ்தை. சுடச்சுடக் குழல் கொதிக்கும். அதைக் குளிர்விக்க, குழலைச் சுற்றிய உறையில் 4 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் அந்தத் தண்ணீரே உறைந்துபோகும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் பனிக்கட்டியை அள்ளித் திணிக்கட்டும் என்று, பின்னாளில் உறையின் வாயை அகலமாக்கினார்கள். ஃபின்லாந்துக்காரர்களிடம் பார்த்துக் கற்ற யோசனை அது. சண்டை போட்ட எதிரியிடமே பாடம்! சக்கரமும் கேடயமும் சேர்த்தால் எடை 60 கிலோவுக்கு மேல். ஆழமான பனியில் சக்கரம் எங்கே உருளும்? சறுக்கு வண்டியில் ஏற்றித்தான் இழுத்தார்கள்.

டி-34 இங்கேதான் ஜெயித்தது. அகலமான சங்கிலிப் பட்டைகள், 500 குதிரைச்சக்தி டீசல் இன்ஜின், 76 மில்லிமீட்டர் பீரங்கி. குளிரில் பேட்டரி செத்துவிட்டால், உருளைகளில் அடைத்து வைத்திருக்கும் அழுத்தக் காற்றை விட்டு இன்ஜினைக் கிளப்பலாம். எதிரிலோ எண்ணெய் இறுகிப்போன ஜெர்மானிய வாகனங்களின் அடியில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

படம் முன்னேறும்போது, பனியில் விட்டுப்போன ஜெர்மானிய லாரிகள், பீரங்கிகள், டாங்கிகள் வந்துகொண்டே இருக்கும். கேமரா ஆசை தீரப் பார்ப்பது இவற்றைத்தான். சண்டைக்காட்சிகளோ துண்டு துண்டாக வரும். இதற்குக் கேமராவும் ஒரு காரணம். கையில் தூக்கிச் செல்லும் ஐமோ கேமராவில் ஒரு சுருள் 30 மீட்டர். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். சுடுபவனையும் சுடப்படுபவனையும் ஒரே காட்சியில் பிடிக்க, நடுவில் போய் நிற்க வேண்டுமே! ஆகவே பீரங்கிக் காட்சிகள் அதிகம். பக்கத்தில் நின்று நிதானமாக எடுக்கலாம். வொலொகலாம்ஸ்க் ஊரில் ஜெர்மானியர்கள் தூக்கிலிட்ட எட்டுப் பேர் தொங்கும் தூக்குமரத்தைப் பார்த்தபின் பீரங்கியெல்லாம் மறந்துபோகும். அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுத ஒன்றுமில்லை.

இத்தனை நிஜத்துக்கு நடுவில் ஒரு போலி உண்டு. அதுவும் ஸ்டாலின்! அணிவகுப்பு நேரத்தை ரகசியமாக முன்னால் நகர்த்தியதில் ஒலிப்பதிவுக் குழு தயாராகவில்லை. அங்கே ஸ்டாலின் பேசிய பேச்சு பதிவாகாமல் போயிற்று. பிறகு கிரெம்ளினுக்குள் ஒட்டுப்பலகையில் லெனின் கல்லறை மாடத்தை செட் போட்டு, அதே பேச்சை மறுபடி பேசவைத்து எடுத்தார்கள். குளிருக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்தும் வாயிலிருந்து ஆவி வரவில்லை. வெளியே அத்தனை பனி கொட்ட, தலைவர் மட்டும் ஆவியே விடாமல் பேசுகிறார். என் கணக்கில், அந்தப் படத்தில் நம்பக் கூடாத ஒரே ஆயுதம் அந்தப் பேச்சுதான்.

பார்க்க வாய்த்தால், ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்னணிக் குரல் இல்லாதபோது கண் தானாகவே கைகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் போகும். அடுத்த வாரம் லியோனிட் லூக்கோவின் 'இரண்டு போர்வீரர்கள்': லெனின்கிராட் முற்றுகைக் கதை, 1943-இல் தாஷ்கண்டில் எடுத்தது.