பார்ட் டைம் வேலைக்கு மாறினா, வேலை போகும்போது இஎஸ்ஐ பணம் கிடைக்குமா? 78 நாள் கணக்கு இதுதான்

நெட்டப்பாக்கம், மடுகரை, கரியமாணிக்கம் பக்கம் இருந்து கம்பெனி வேலைக்குப் போற பலருக்கும் இந்த நிலைமை தெரிஞ்சதுதான். ஆர்டர் குறைஞ்சிடுச்சு, "இனி வாரத்துக்கு மூணு நாள் வந்தா போதும்"னு சொல்லிடுறாங்க. சம்பளம் பாதியாகுது. நாளைக்கு அந்த மூணு நாள் வேலையும் போயிட்டா அரசாங்கத்துகிட்ட இருந்து ஏதாவது வருமா?

வரும். ஆனா பார்ட் டைம்ல இருந்தவங்களுக்கு ஒரே ஒரு நாள் குறைஞ்சாலும் மொத்தமும் போயிடலாம். அந்தக் கணக்கைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

எந்தத் திட்டம் இது?

பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலை 1-ல் இஎஸ்ஐ கழகம் தொடங்கியது. வேலை இழந்த இஎஸ்ஐ உறுப்பினருக்கு அதிகபட்சம் 90 நாட்களுக்குப் பணம் கொடுப்பாங்க. வாழ்நாளில் ஒரு முறைதான். முதலில் சராசரி தினசரி வருமானத்தில் 25% கொடுத்தாங்க. கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 24 முதல் அதை 50% ஆக்கினாங்க. காலக்கெடு வைத்து நீட்டிக்கிற திட்டம் என்பதால், விண்ணப்பிக்கிற அன்னிக்கு நீட்டிப்பு அமலில் இருக்கான்னு பார்த்துடுங்க.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. பார்ட் டைம் ஊழியர் என்பதற்காக யாரையும் விட்டுவிட முடியாது. பே ஸ்லிப்பில் 0.75% பிடித்தம் இருக்கான்னு முதலில் பாருங்க. கம்பெனி தன் பங்காக 3.25% கட்டணும்.

78 நாள் ஏன் முக்கியம்?

இரண்டு நிபந்தனை இருக்கு.

1. வேலை போவதற்கு முன் இரண்டு வருடமாவது இஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்திருக்கணும்.
2. வேலை போவதற்கு உடனே முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்கணும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்கணும்.

பங்களிப்புக் காலம் என்பது ஆறு மாதம்: ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று.

இப்போ கணக்கு போடுங்க. ஆறு மாதம் என்றால் 26 வாரம். வாரத்துக்கு மூணு நாள் என்றால் 26 × 3 = 78. சரியா 78! ஒரு நாள் சம்பளமில்லா லீவு போட்டீங்கன்னா 77, தகுதி போச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் 52தான், வாய்ப்பே இல்லை. அதனால மூணு நாள் வேலைக்கு மாறினவங்க மாதத்துக்கு ஒரு நாளாவது கூடுதலா கேட்டு வாங்கிடுங்க. சம்பளத்தோட வர்ற லீவு நாள் கணக்கில் சேரும். சம்பளம் இல்லாத நாள் சேராது.

எவ்வளவு கிடைக்கும்?

கடைசி நான்கு பங்களிப்புக் காலத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பாங்க. அதில் பாதிதான் ஒரு நாள் தொகை. ஒருவர் 14,000 ரூபாய் சம்பளக்காரர்னு வெச்சுக்கலாம்.

- இரண்டு வருடமும் முழு நேரம்: 3,36,000 ÷ 730 = 460 ரூபாய். பாதி 230. 90 நாளுக்குச் சுமார் 20,700 ரூபாய்.
- 18 மாதம் முழு நேரம், கடைசி 6 மாதம் 7,000 ரூபாய்க்கு பார்ட் டைம்: 2,94,000 ÷ 730 = 402 ரூபாய். 90 நாளுக்குச் சுமார் 18,100 ரூபாய்.
- இரண்டு வருடமும் பார்ட் டைம்: சுமார் 10,350 ரூபாய்.

ஆக, கொஞ்ச மாதம் பார்ட் டைம்ல இருந்தா தொகை பெரிசா அடிவாங்காது. அடி வாங்கறது 78 நாள் தகுதியில்தான்.

இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறீங்களா?

வருமானம் பத்தாம காலையில் ஒரு கம்பெனி, மாலையில் இன்னொன்றுன்னு போறவங்க கவனிங்க. இரண்டிலும் இஎஸ்ஐ இருந்தால், இரண்டு வேலையும் போனால்தான் நீங்க "வேலையில்லாதவர்". ஒன்று போனா பணம் கிடையாது. அதேபோல, இந்தப் பணம் வாங்கிட்டிருக்கும்போது வேறு வேலையில் சேர்ந்தால், சேர்ந்த நாளோட உதவி நிற்கும். மறைத்து வாங்கினா பின்னாடி தலைவலிதான்.

"நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க"ன்னு சொன்னா?

அவசரப்படாதீங்க. தானாக வேலையைக் கைவிட்டவங்க, விருப்ப ஓய்வு பெற்றவங்க, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவங்க, ஓய்வு வயதை எட்டியவங்க ஆகியோருக்கு இந்த உதவி இல்லை. நீங்க ஏன் வெளியே போனீங்கங்கற காரணத்தைக் கம்பெனிதான் இஎஸ்ஐ போர்ட்டலில் பதிவு செய்யும். வேலை இல்லைன்னு அவங்க அனுப்புறாங்கன்னா, அதை எழுத்தில் வாங்குங்க.

கம்பெனியே மூடிட்டா, அல்லது சட்டப்படி ஆட்குறைப்பு செய்தா, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற தனித் திட்டம் இருக்கு. முதல் 12 மாதம் 50%, அடுத்த 12 மாதம் 25%. ஏஎஃப்டி மில் 2020 ஏப்ரல் 30-ல் மூடியதைப் பார்த்த ஊர் நம்ம ஊர். இதைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. ஆனா ஒரே காலத்துக்கு இரண்டு பண உதவி வாங்க முடியாது.

இன்னிக்கே செய்ய வேண்டியது

- இஎஸ்ஐ போர்ட்டலிலோ உமங் ஆப்பிலோ உங்க பங்களிப்பு விவரத்தைத் திறந்து, நாள் எண்ணிக்கையைப் பாருங்க. குறைவா ஏற்றியிருந்தா வேலையில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்க.
- ஆதாரும் வங்கிக் கணக்கும் இஎஸ்ஐ பதிவோடு இணைஞ்சிருக்கான்னு உறுதி செய்யுங்க.
- வேலை போனா, 30 நாள் கழித்து விண்ணப்பியுங்க. முன்கூட்டியே கேட்க முடியாது.

முதல் மாதம் எப்படியும் கையில் எதுவும் வராது. அதனால ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியா எடுத்து வைங்க. இந்தத் திட்டம் உங்களைத் தாங்கிப் பிடிக்கும், ஆனா தூக்கி நிறுத்தாது. போர்ட்டலில் நாள் கணக்கை எப்படிப் பார்க்கிறதுன்னு வீடியோவில் ஒவ்வொரு படியா காட்டியிருக்கோம், பாருங்க. மூணு நாள் வேலைக்கு மாறின நண்பர் யாராவது இருந்தா, முதலில் அவருக்கு இதை அனுப்பிடுங்க.