வழவழப்புத் தந்தி வாங்கப் போகிறீர்களா?

பிள்ளையாண்டான் பேஸ் கிதார் வாங்கி வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே மாதத்தில், "பிளாட்வவுண்டு தந்தி போடணும், அப்பா. பணம் கொடுங்கள்" என்று கையை நீட்டுவான். விலையைக் கேட்டதும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். இருக்கிற தந்திக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நடுவில் ஓடும் எஃகுக் கம்பி இரண்டிலும் உண்டு. அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்டுவவுண்டு. நாடா போன்ற தட்டைக் கம்பியைச் சுற்றினால் பிளாட்வவுண்டு. முன்னதில் விரலை ஓட்டினால் அரம் போல நெருடும், 'கீச்' என்று சத்தமும் போடும். பின்னது வழுக்கிக்கொண்டு போகும். நாதமும் அப்படியே. ஒன்று கணீரென்று நீளும். மற்றது மிருதங்கத்தின் தொப்பியைப் போல 'தொம்' என்று இறங்கி அடங்கும்.

இதன் மகிமை தெரிய வேண்டுமானால் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்ஸனைக் கேட்க வேண்டும். மோட்டவுன் கம்பெனி 1960-களில் வெளியிட்ட எத்தனையோ பாட்டுகளுக்கு அடியில் நடந்து வருகிற நாதம் அவருடையது. 1962-ஆம் வருஷத்துப் பெண்டர் பிரிஸிஷன் பேஸ். அதில் லா பெல்லா கனத் தந்திகள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் மெல்லிய தந்தி 52 பங்கு, தடித்தது 110 பங்கு! வாசித்ததோ வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றினால். அறுந்தாலொழியத் தந்தியை மாற்ற மாட்டார். அழுக்கேற ஏறத்தான் நாதம் பழுக்கும் என்பது அவர் கட்சி. ஊரெல்லாம் அவர் வாசிப்பைக் கேட்டது. பெயரைத்தான் யாரும் அறியவில்லை. 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டு வந்தபோதுதான் அது உறையில் அச்சேறியது. 1983-ல் அவர் காலமானார். அந்த வாத்தியமோ அதற்குச் சற்று முன்பே களவு போய்விட்டது.

அதற்காக, ஜேமர்ஸனின் கனத் தந்தியையே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழகாத விரல் நொந்து போகும். 45 முதல் 105 வரையுள்ள செட் போதும். அதிலும் பழைய தந்தியைவிட இழுப்பு ஜாஸ்தியானால் கழுத்து முன்பக்கம் வளையும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கை பழகாதவர்கள் ரிப்பேர்காரரிடம் கொடுப்பதே மேல்.

கடைக்குப் போகுமுன் தந்தி அதிரும் நீளத்தை அளந்து பாருங்கள். 34 அங்குலமா, 30 அங்குலமா? இரண்டுக்கும் தந்தி வேறு. மாட்டும்போது இன்னொரு எச்சரிக்கை: முறுக்காணிக்குப் பக்கத்தில் தந்தியை நன்றாக மடித்த பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். நேராக இருக்கையில் வெட்டினால் சுற்று தளர்ந்து, கொடுத்த காசு தண்டம்.

சரி, இவ்வளவு விலை தகுமா? உருண்டைத் தந்தியின் பளபளப்பு, தினமும் வாசித்தால் சில வாரங்களில் மங்கிவிடும். இதுவோ வருஷக்கணக்கில் உழைக்கும். மெட்டு இல்லாத கிதாராக இருந்தால் பலகையும் தேயாமல் பிழைக்கும். ஆனால் கட்டை விரலால் அடித்து 'ஸ்லாப்' வாசிக்க ஆசைப்படுகிறவனுக்கு இது ஏமாற்றந்தான். "எந்தச் சங்கீதம் வாசிக்கப் போகிறாய்?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்டாலும் பதில் விசித்திரமாக இருக்கலாம்! காது கிழிய முழங்கும் அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் போடுவதும் தட்டைத் தந்திதான்.

புதிதாய் மாட்டியதும் சற்றே கூர்மையாகத்தான் ஒலிக்கும். இரண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய தந்தியைச் சுருட்டிப் பத்திரமாக வைக்கட்டும். பிடிக்காவிட்டால் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.