பின்பக்கம் 'கடக் கடக்' சத்தமா? அச்சைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்!

"கடக்... கடக்..." என்று வண்டியின் பின்பக்கம் சத்தம். வண்டி நின்றால் சத்தமும் நின்று விடும். ஒர்க் ஷாப் வாசலுக்குக் கொண்டு போனால் வரவே வராது!

பெங்களூரில் ஆம்னி வேன் வைத்துப் பிழைக்கும் தமிழர்களுக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவரானாலும், பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிறவரானாலும் ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. "டிபரன்ஷியல் போச்சு, மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று யாராவது சொல்லி விட்டால் கடன்தான் வாங்க வேண்டும். கடன் வாங்கி மாற்றிய பிறகும் அதே சத்தம் கேட்டால்?

1984-ம் ஆண்டு மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் பெற்ற வண்டி இது. 2019-ல் தயாரிப்பு நின்று விட்டது. பழைய வண்டிகள் இன்னும் உழைக்கின்றன. என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். இழுவையோ பின் சக்கரத்துக்கு. நடுவில் நீளமாக ஜாயின்ட் ஷாப்ட். அதன் இரு முனையிலும் 'கிராஸ்'. பின்னால் டிபரன்ஷியல், அச்சு, பட்டை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர். இதில் எது வேண்டுமானாலும் சத்தம் போடலாம்.

(மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. அதில் ஜாயின்ட் ஷாப்டே கிடையாது. அந்த வண்டிக்குப் பின்பக்க கிராஸ் போய் விட்டது என்று யாராவது சொன்னால், சிரித்து விட்டு வேறு மெக்கானிக்கைப் பார்க்கலாம்.)

எப்போது வருகிறது?

சத்தம் எங்கே என்று தேடுவதற்கு முன், எப்போது என்று கவனிக்க வேண்டும்.

பள்ளம் மேட்டில் மட்டும் வந்தால் ஸ்பிரிங் பக்கம் பார்க்கலாம். தேய்ந்த புஷ், தளர்ந்த யு போல்ட், உடைந்த பட்டை ஆகியவை காரணமாக இருக்கும். நிற்கும் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு பேர் அமுக்கி அமுக்கி விட்டாலே பல நேரம் சத்தம் அகப்பட்டு விடும். அதற்கும் முன்னால் ஸ்டெப்னி, ஜாக்கி, சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் மூன்றையும் பார்த்து விடுவது நல்லது. செலவில்லாத வேலை.

கிளச்சை விடும்போதும், ரிவர்ஸ் மாற்றும்போதும் 'டணக்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால் கிராஸ் மேல் சந்தேகப்பட வேண்டும்.

வேகம் ஏற ஏற 'ஊ...' என்ற இரைச்சல் கூடுகிறதா? ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும், விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் டிபரன்ஷியல் பற்சக்கரமாக இருக்கலாம். இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் சக்கர பேரிங் அல்லது டயர். வலது பக்க வளைவில் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங்கைப் பார்க்க வேண்டும். பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டதும் சத்தமும் முன்னால் வந்தால், குற்றவாளி டயர்தான்.

மெல்ல ஓடும்போது 'டிக் டிக்' என்றால் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவரைக் கூட நடந்து வரச் சொல்லலாம். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஜாயின்ட் ஷாப்ட் நான்கைந்து சுற்று சுற்றி விடும். கோடு ஒரு முறை வர ஒரு 'டிக்' என்றால் சக்கரத்தில் கோளாறு. நான்கைந்து 'டிக்' என்றால் ஷாப்டில்!

ஆட்டம் எல்லாம் கோளாறு அல்ல

அடியில் கை வைப்பதற்கு வண்டிக்குழி உள்ள ஒர்க் ஷாப்தான் சரி. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாட்டு. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிராசின் இரு பக்கத்தையும் பிடித்துத் திருகிப் பார்க்க வேண்டும். கிராசுக்குள்ளேயே ஆட்டம் இருந்தால் அது போய் விட்டது.

ஆனால் ஷாப்ட் முழுவதும் கொஞ்சம் முன்னும் பின்னும் திரும்புவது இயல்பு. பற்களுக்கு இடையே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதை ஆட்டிக் காட்டி, "பாருங்க அண்ணே, டிபரன்ஷியல் ஆட்டம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் பணம் பறி போகிறது.

டிபரன்ஷியலைப் பிரிக்கச் சொல்லும் முன், எண்ணெயை இறக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரும்புச் சில்லு மின்னினால் பிரிப்பதில் நியாயம் உண்டு. எண்ணெய் குறைந்திருந்தால், எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கிராஸ் போய் விட்டது என்று தெரிந்தால், தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப் போடக் கூடாது. வேகத்தில் முறிந்து, ஷாப்டின் முன்முனை ரோட்டில் குத்தினால் வண்டி புரண்டு விடும். உள்ளே இருப்பது பிள்ளைகள் என்பதை நினைக்க வேண்டும்.

கிராஸ் செட் புதிதாக ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். இதற்கு மட்டும் பழைய சாமான் கடை வேண்டாம். ஷாப்டைக் கழற்றும் முன், இரு பக்கமும் எப்படிச் சேர்ந்திருந்தன என்று பெயின்ட்டால் அடையாளம் போடச் சொல்ல வேண்டும். மாற்றி மாட்டினால் பழைய சத்தம் போய், புதிதாக ஒரு அதிர்வு வந்து சேரும்.