உளவாளி கற்றுத்தரும் தமிழ்

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். அறிவுரை நூலை நீட்டினால் ஓடிவிடுகின்றனர். உளவாளிக் கதையை நீட்டிப் பாருங்கள் என்கிறோம் நாங்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தோன்றிய நாயகனே இவ்வாறு தமிழுக்கு வந்தான். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். எதிரி அக்கையைக் கண்டுகொள்வானா? விடை அறியாமல் எந்தப் பிள்ளையும் இதழை மூடுவதில்லை. படம் பொருளை உணர்த்துகிறது. குமிழுக்குள் இருக்கும் சிறு வாக்கியம் எழுத்தைப் பழக்குகிறது. ஆவலே ஆசிரியராகிறது.

பத்து வயது நிறைந்தோர் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கி 2014இல் வழிவகுத்தது. கடவுச்சொல்லை எவரிடமும் கூறலாகாது என்பது, இரகசியக் குறியீட்டைக் காக்கும் உளவாளியை அறிந்த பிள்ளைக்கு எளிதில் விளங்கும்.

பாளையத்தில் 1829இல் நிறுவப்பட்ட மாநில மைய நூலகத்தில் தமிழ் நூல்களும் உள்ளன. விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் ஒரு கதையை உரக்க வாசியுங்கள். நாயகன் சிக்கிக்கொண்ட இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணைக்காமல் எழுந்து செல்லுங்கள். மீதியைப் பிள்ளை தானே படித்துக்கொள்ளும்.