மெமரி கார்டு: உறையில் 160, கையில் 35 ஏன்?



மாணவரின் வாய்மொழிப் படைப்பைக் காணொளியாகப் பதிவு செய்கிறோம். பாதியில் கேமரா நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை மறுபடியும் அதே உணர்வோடு பேச முடியுமா? கார்டு பழுது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் உறையில் போட்டிருப்பதைச் சரியாகப் படிப்போம்.

1. பெரிய எண் எதைச் சொல்கிறது?
‘விநாடிக்கு 160 மெகாபைட் வரை’ என்றால் அது பெரும்பாலும் படிக்கும் வேகம். ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உச்ச அளவு, உத்தரவாதம் இல்லை. பதிவு செய்யும்போது தேவைப்படுவது எழுதும் வேகம். அது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

2. சின்னக் குறியீடுதான் முக்கியம்
தொடர்ந்து எழுதும்போது கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச வேகத்தை இவை காட்டும் (விநாடிக்கு):
• ‘சி’ எழுத்துக்குள் 10 – 10 மெகாபைட்
• ‘யு’ எழுத்துக்குள் 1 – 10 மெகாபைட்
• ‘யு’ எழுத்துக்குள் 3 – 30 மெகாபைட்
• வி30, வி60, வி90 – முறையே 30, 60, 90 மெகாபைட்

3. வழியில் எது மெதுவோ, அதுதான் வேகம்
கார்டு வேகமாக இருந்தாலும் ரீடரும் கணினியும் ஈடு கொடுக்க வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0 துளையின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 480 ÷ 8 = 60 மெகாபைட். நடைமுறையில் 30 முதல் 40தான் கிடைக்கும். 16,000 மெகாபைட் கோப்பை 160 வேகத்தில் எடுத்தால் 100 விநாடி. 35 வேகத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல்!

இன்னொன்று: யுஎச்எஸ்-1 வகையின் பொது வரம்பு 104 மெகாபைட். அதற்கு மேல் போட்டிருந்தால், அந்த வேகத்துக்கு ஏற்ற தனி ரீடர் வேண்டும். சாதாரண ரீடரில் 104ஐத் தாண்டாது.

4. கோப்பின் அளவு
ஒரே பெரிய காணொளி சீக்கிரம் நகலாகும். நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பதிவேடு எழுத வேண்டும். அதனால இழுத்துக்கிட்டே போகும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கார்டு மெதுவாக இருந்தால், போலியாக இருக்கலாம். புதிய கார்டை முழுவதும் நிரப்பி, கோப்புகள் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தேர்வு நாளுக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

மாணவர்களுக்குப் பயிற்சி:
ஒரு கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது. ‘சி’ 10 கார்டு போதுமா?

விடை: 100 ÷ 8 = 12.5 மெகாபைட். ‘சி’ 10 உத்தரவாதம் தருவது 10 மட்டுமே, போதாது. ‘யு’ 3 அல்லது வி30 வாங்க வேண்டும். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டால் விடையும் தப்பாகும், வாங்கும் கார்டும் தப்பாகும்.